கப்பல் பாட்டாவின் பெயர்

எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் என் காலத்தில் யாரும் மிச்சமில்லை. என் பாட்டிக்கு நேர் மூத்தவர், அப்பாவுக்குத் தாய்மாமன், எங்களுக்குக் கப்பல் பாட்டா. அவருக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர் இருந்தது என்பதே எனக்குப் பத்து வயது கடந்த பிறகுதான் தெரியும். பாட்டி அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ஏப்ரல் மாதம் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஒரு கவர் கொண்டுபோவாள். ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கும்போது, "யுத்தத்தில் மரித்த சகோதரன் நினைவாக ஒரு சகோதரி, ஒரு ரூபாய்" என்று உபதேசியார் வாசிப்பார். அவ்வளவுதான். மற்றவர்கள் கவரில் எல்லாம் பெயர் இருக்கும். மகளுக்குப் பிரசவம் நல்லபடி ஆனதற்கு, பையன் பரீட்சை ஜெயித்ததற்கு, மாடு சினை பிடித்ததற்கு என்று பெயரும் காரணமும் சேர்த்தே வாசிப்பார்கள். இந்த ஒரு கவரில் மட்டும் பெயர் இருக்காது.

ஒருமுறை கேட்டேன், பெயர் எழுதிக் கொடுத்தால் என்ன என்று. பாட்டி வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்: "பேரு வச்சுப் படிச்சா அடக்கம் பண்ணுன மாதிரி ஆயிரும் மக்களே. நாம எங்க அடக்கம் பண்ணினோம்?"

காட்டாக்கடைச் சந்தைக்கும் பாறசாலைக்கும் இடையில் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் நெய்யாற்றின்கரை தாலுகா, திருவிதாங்கூர் ராஜ்யம். செம்மண் மேடும் மரச்சீனி விளையும், வரப்போரம் பனையும் தென்னையுமாக இருக்கும். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், கோயிலில் இரண்டும். லண்டன் மிஷன் பள்ளிக்கூடம் இருந்ததால் பனையேறிகளின் பிள்ளைகளும் நாலு எழுத்து படித்தார்கள். பாட்டா ஏழாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய அப்பா பனையேறி. இரண்டு தங்கைகள், ஒரு தம்பி. மழைக்காலத்தில் பனையேற்று கிடையாது, பனையேற்று இல்லாத மாதத்தில் அடுப்பும் எரியாது.

அதற்கு மேல் யுத்தம் வந்தது. திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பிச் சாப்பிட்ட நாடு. 1942 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுபோனது. ரேஷன் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, துணி கிடைக்கவில்லை. மரச்சீனிக்கிழங்கு இருந்ததால்தான் எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் பிழைத்தார்கள் என்று பாட்டி சொல்வாள். கிழங்கும் முற்றாத மாதத்தில் அதன் தோலைக்கூட வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டித் தின்ற கதை அவளிடம் இருந்தது. பட்டாளத்துக்கும் கடற்படைக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது அப்படிப்பட்ட நேரத்தில். நெய்யாற்றின்கரை, பாறசாலை, குளத்தூர் பக்கங்களிலிருந்து பையன்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே திருவனந்தபுரம் போனார்கள். ராஜபக்தி, பிரிட்டிஷ் விசுவாசம் என்று பிற்காலத்தில் யாராவது பெரிய வார்த்தை சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அவர்களைக் கப்பலேற்றியது பசி.

பாட்டாவை எடுத்துக்கொண்டார்கள். ராயல் இந்தியக் கடற்படையில் ஸ்டோக்கர், அதாவது கப்பலின் அடிவயிற்றில் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவர். கடலுக்குப் போனார் என்றுதான் பெயர். கடலைப் பார்க்கும் வேலையே இல்லை. பம்பாயிலிருந்து மாதம் தவறாமல் மணியார்டர் வரும். வருவது பிரிட்டிஷ் ரூபாய். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று பாட்டியின் அம்மா விரல்விட்டு எண்ணி, இன்னின்ன கடன் இவ்வளவு என்று பிரித்து வைப்பாளாம். இளைய தங்கையின் காதுக்கம்மல் அந்தப் பணத்தில் செய்தது. என் பாட்டியின் கல்யாணத்துக்கு என்று தனியாக ஒரு தொகை, கோயில் சபையின் சங்கத்தில் போட்டுவைத்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு லீவு போட்டு வருவதாக எழுதியிருந்தார். தமிழில்தான் எழுதுவார். கடைசியாக வந்த கடுதாசியில் கப்பல் டாக்கில் நிற்பதாகவும், வேலை குறைவு, சாப்பாடு மோசம், ஈஸ்டர் ஆராதனைக்குப் போக விடுவார்கள் என்றும் எழுதியிருந்தாராம். 1944-இல் ஈஸ்டர் ஏப்ரல் 9-ஆம் தேதி. அதற்குப் பிறகு எழுத அவருக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. கொல்லம் ஆண்டு 1119, மேடம் பிறந்த கையோடு.

அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் நடந்ததைச் சொல்லாமல் அவர் கதை முடியாது. எஸ்.எஸ். ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற சரக்குக் கப்பல் பிப்ரவரி 24-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12-ஆம் தேதி பம்பாய் வந்து சேர்ந்தது. ஏழாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல். அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்: குண்டு, டார்பிடோ, கண்ணி. பெட்டி பெட்டியாகச் சண்டை விமானங்கள். கராச்சியில் இறக்கிய சரக்கின் இடத்தில் ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் மரத்தையும் பழைய இரும்பையும் கந்தகத்தையும் ஏற்றினார்கள். எரியக்கூடியதும் வெடிக்கக்கூடியதும் ஒரே கப்பலில். கப்பல் தலைவர் அலெக்சாண்டர் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஏற்பாட்டை எதிர்த்தார். யுத்த நேரம், கப்பலுக்குப் பஞ்சம், இடத்துக்குப் பஞ்சம் என்று அவர் பேச்சு எடுபடவில்லை. அபாயச் சரக்கு இருக்கும் கப்பல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை. அப்படிப்பட்ட சரக்கைக் கரைக்கு அப்பால் நிறுத்தித் தோணியில் இறக்குவதுதான் சமாதான காலத்து வழக்கம். இந்தக் கப்பலை ஊருக்கு நடுவே, மற்ற கப்பல்களுக்கு நடுவே, டாக்குக்குள் கொண்டுவந்து கட்டினார்கள்.

பதினான்காம் தேதி நடுப்பகலில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை கசிந்தது. பக்கத்துக் கப்பல்களில் நின்றவர்கள் கண்ணில் பட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீ என்று தெரிந்து தீயணைப்பு ஆட்கள் வந்தபோது பருத்தி உள்ளே கனன்றுகொண்டிருந்தது. அந்தப் பருத்திக்கு மேல்தட்டில் வெடிபொருள். தொள்ளாயிரம் டன் தண்ணீருக்கு மேல் உள்ளே இறைத்தார்கள். அந்தத் தண்ணீரே வினையாயிற்று. எரிகிற பொதிகள் தண்ணீரில் மிதந்து, வெடிபொருளை நோக்கி மேலே மேலே ஏறின. கப்பலை மூழ்கடிப்பதா, இழுத்துக்கொண்டு போய் நடுக்கடலில் விடுவதா என்று அதிகாரிகள் முடிவுக்கு வருவதற்குள் நேரம் போய்விட்டது. மூழ்கடிக்க டாக்கில் ஆழம் போதாது. சொந்த எஞ்சினில் கிளம்பலாம் என்றால் எஞ்சினைப் பழுதுக்குப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பிற்பகல் 3.50-க்குக் கப்பலை விட்டு இறங்கச் சொன்னார்கள். 4.06-க்கு வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது வெடி, முதல் வெடியை விடப் பெரியது.

வெகுதூரத்தில், சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானியில் அது பதிவானது. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்து ஜன்னல்கள் நொறுங்கின. எரியும் பருத்திப் பொதிகள் ஆகாயத்திலிருந்து குடிசைகள் மேலும் கிட்டங்கிகள் மேலும் விழுந்தன. ஜலபத்மா என்ற கப்பலின் பின்பாகத்தையே பெயர்த்துக் கரையிலிருந்த கிட்டங்கியின் மேல் கொண்டுபோய்ப் போட்டது அந்த வெடி. பதின்மூன்று கப்பல்கள் போயின. அவற்றுள் ஒன்று, ராயல் இந்தியக் கடற்படையின் எல் ஹிந்த். துறைமுகத்தில் சேர்த்து வைத்திருந்த தானியம் ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல் அழிந்தது. பர்மா அரிசி இல்லாமல் கிழங்கு தின்றுகொண்டிருந்த எங்கள் வீட்டார் அதை அப்போது அறியமாட்டார்கள். எண்பதாயிரம் பேர் வீடிழந்தார்கள். தீ அடங்க மூன்று நாள் ஆயிற்று. இடிபாடுகளை அள்ள எண்ணாயிரம் ஆட்கள் ஏழு மாதம் வேலை செய்தார்கள்.

செத்தவர்கள் எத்தனை பேர்? எண்ணூறு என்பார்கள். ஆயிரத்து முந்நூறு வரை இருக்கலாம் என்பார்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஐந்நூறு மனிதர்கள் இருக்கிறார்கள். டாக்கில் கூலிக்கு மூட்டை சுமந்தவர்கள், அன்றைக்கு மட்டும் வேலைக்கு வந்தவர்கள், நடைபாதையில் படுத்திருந்தவர்கள். பெயர்ப்பதிவு எதிலும் இல்லாதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதே கப்பலில் தங்கமும் வந்தது. முப்பத்தொரு பெட்டி, பெட்டிக்கு நான்கு பாளம், மொத்தம் 124 பாளம், ஒவ்வொன்றும் 12.7 கிலோ. வெடித்துச் சிதறிய பாளங்கள் ஊரெல்லாம் விழுந்தன. ஒன்று ஒரு பார்சிக்காரரின் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. அவர் எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார். மற்றவற்றைச் சேற்றிலிருந்து தோண்டியும் தூர்வாரியும் எடுத்தார்கள். 2011-இல்கூடக் கிடைத்தது. பாளம் பாளமாக, கிலோ கணக்கில், தசமப் புள்ளி வைத்துத் தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. மனிதர்களுக்குத்தான் 'சுமார்' என்று எழுதியிருக்கிறார்கள். இதை முதலில் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட கசப்பு இன்றுவரை போகவில்லை.

யுத்த காலத் தணிக்கை காரணமாகப் பத்திரிகைகளில் செய்தி வர விடவில்லை. ஜப்பான்காரர்கள் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே சொல்லிவிட்டது என்பார்கள். ஆனால் இங்கே பிரிட்டிஷ் அரசு மே மாதம் இரண்டாம் வாரம்தான் வாய் திறந்தது. எங்கள் வீட்டில் வானொலி ஏது? ஏப்ரல் கழிந்தது, மணியார்டர் வரவில்லை. கப்பல் வெளிநாடு போயிருக்கும் என்று பாட்டியின் அம்மா சொன்னாளாம். மே மாதக் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை வாசிக்கப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோனார்கள். அவர் ஒருமுறை கண்ணோட்டிவிட்டு, வெளியே திண்ணையில் இருந்த பெண்களை உள்ளே போகச் சொன்னாராம். அதிலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. உடைமை என்று எதுவும் அனுப்பவில்லை. கொஞ்ச காலம் பெற்றோருக்குப் பென்ஷன் வந்தது.

"கடலுக்கு விட்டோம். தீயில்லா கொண்டு போச்சு" என்று பாட்டி சொல்வாள். அந்த ஒரு வரிக்கு மேல் அவளிடமிருந்து எதுவும் வராது. அவளுடைய கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளி நடந்தது, அந்தச் சங்கப் பணத்தில்தான்.

எண்பதுகளில் வேலை தேடி நான் பம்பாய் போனேன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு வளைகுடாவுக்கு முன் பம்பாய்தான் கதி. சயான் பக்கம் நாலுபேர் சேர்ந்து ஒரு அறை. போன புதிதில் விக்டோரியா டாக் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன். மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் பி. டிமெல்லோ ரோடு, லாரி லாரியாக நிற்கும். அதற்கு அப்பால் நீண்ட மதில். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். கேட்டில் நின்றே திரும்பினேன். டீக்கடையில் பழைய துறைமுகத் தொழிலாளி ஒருவர் இருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினார். நான் 1944 என்றதும், "தங்கமா தம்பி? தங்கத்தைக் கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க" என்றார். இல்லை, ஆளைக் கேட்டு வந்தேன் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அவருடைய அப்பாவும் அன்று டாக்கில் மூட்டை சுமந்தவர், கால் போனதோடு பிழைத்தவர். அன்று கூட வேலை செய்த ஆட்களின் பெயர்களை அப்பா சாகும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பார் என்றார். அந்தப் பெயர்கள் எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். "யார் எழுதுவா?" என்றார்.

தீயணைப்பு வீரர்களுக்கு நினைவுநாள் உண்டு. அன்று தீயோடு நின்று மடிந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் ஏப்ரல் 14-ஐ நாடு முழுவதும் தீயணைப்புச் சேவை நாளாகக் கொள்கிறோம். நெய்யாற்றின்கரைத் தீயணைப்பு நிலையத்திலும் அந்த வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி காட்டுவார்கள். அது சரியான மரியாதை. வெடிக்கும் என்று தெரிந்தும் குழாயை விடாமல் நின்றவர்கள் அவர்கள். ஆனால் அந்த நாள் எந்த நாள், எந்தத் துறைமுகம், அங்கே எங்கள் ஊர்ப் பையன் ஒருவனும் இருந்தான் என்பதை அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

பாட்டாவின் பெயரை நான் பார்த்தது பல வருஷம் கழித்து. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் படையினர் ஒவ்வொருவருக்கும் பெயர்ப்பதிவு வைத்திருக்கிறது. கல்லறை இருந்தால் கல்லறையில் பெயர், இல்லாவிட்டால் நினைவகத்தில். கடலில் போன இந்திய மாலுமிகளுக்கு என்று 'பம்பாய், சிட்டகாங் 1939–1945 நினைவகங்கள்' இருக்கின்றன. நினைவகம் என்றதும் தூணும் கல்லும் நினைக்க வேண்டாம். அது ஒரு புத்தகம். ராயல் இந்தியக் கடற்படையைச் சேர்ந்த நானூறுக்கு மேற்பட்டவர்கள், இந்திய வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த ஏறத்தாழ ஆறாயிரம் பேர், எல்லோருடைய பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பிரதி வங்கதேசத்துச் சிட்டகாங் போர்க் கல்லறையில். இன்னொன்று மும்பை மஸ்ஜித் பந்தரில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில். முதல் உலகப் போரில் கடலில் இறந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய மாலுமிகளின் நினைவகமும் அதே இல்லத்தில்தான் இருக்கிறது. நான் டாக் கேட்டில் நின்று திரும்பிய அன்று, அந்தப் புத்தகம் இருந்த கட்டடம் எனக்கு நடைதூரத்தில் இருந்திருக்கிறது.

என் மகள்தான் கணினியில் தேடித் தந்தாள். இறந்த தேதியைப் போட்டு, படையைப் போட்டுத் தேடினால் பட்டியல் வருகிறது. வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு மதத்தினர், எல்லோருக்கும் ஒரே தேதி. அதில் அவர் இருந்தார். ஆங்கில எழுத்தில் சற்று உருமாறிய பெயர், ஸ்டோக்கர் என்ற தரம், எண், 14 ஏப்ரல் 1944. அவருடைய அப்பாவின் பெயர் சரியாக இருந்தது. என் அப்பாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. மகள் திரையை வாசித்துக் காட்டினாள். அவர் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அம்மை இருந்திருந்தா இதக் கேட்டிருப்பா" என்றார்.

பாட்டி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். அடுத்த ஏப்ரலில் அப்பா ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் மாமனின் முழுப் பெயரை எழுதிக் கொடுத்தார். கோயிலில் அது வாசிக்கப்பட்டபோது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்து, "நம்ம கப்பல்காரனா?" என்று உரக்கவே கேட்டுவிட்டாள். அவரைச் சிறுவயதில் பார்த்த ஒருத்தி எங்கள் சபையிலேயே இத்தனை வருஷமாக இருந்திருக்கிறாள். பெயர் வெளியே வராததால் அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆராதனை முடிந்ததும் அவளிடம் போய் உட்கார்ந்தோம். பனையில் அவர் எப்படி ஏறுவார், கோயில் மணியை எப்படி அடிப்பார், போகிற அன்று யாரிடம் என்ன சொன்னார் என்று அவள் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டுக் கதையில் இல்லாத ஒரு ஆள் எழுந்து வந்தார். பாட்டி பயந்ததற்கு நேர்மாறாக நடந்தது. பெயரைச் சொன்னபோது அவர் அடக்கமாகவில்லை, அறுபது வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். பாட்டியிடம் இதைச் சொல்ல முடியாமல் போனது எனக்குத் தீராத துக்கம்.

இவரை ஏன் எல்லோரும் மறந்தோம் என்று யோசித்திருக்கிறேன். ஒரு காரணம், அவர் அணிந்த சட்டை. அவர் வெள்ளைக்காரனின் படையில் இருந்தவர். சுதந்திரம் வந்த பிறகு அந்தப் படையில் செத்தவனைப் பற்றிப் பேச ஒரு கூச்சம் வந்துவிட்டது. இதே திருவிதாங்கூரிலிருந்து மலேயா போய், இந்திய தேசிய ராணுவத்தின் பக்கம் சேர்ந்து, 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலேறிய வக்கம் காதரை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். அவர் தெரிந்து தேர்ந்துகொண்ட சாவு அது. ஆனால் தேர்ந்துகொள்ள வாய்ப்பில்லாமல் பசிக்காகப் போனவனின் சாவுக்கு மரியாதை குறைவு என்று எந்த நியாயத்தில் சொல்வது? பம்பாய் வெடித்து இரண்டு வருஷம்கூட நிறையாத 1946 பிப்ரவரியில் அதே துறைமுகத்தில், அதே ராயல் இந்தியக் கடற்படையின் மாலுமிகள்தான் மோசமான சாப்பாட்டில் தொடங்கி வெள்ளைக்கார ஆட்சியையே எதிர்த்துக் கொடியிறக்கினார்கள். சாப்பாடு மோசம் என்று பாட்டா கடுதாசியில் எழுதியது எனக்கு நினைவு வருகிறது. இருந்திருந்தால் அவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார் என்றே நம்புகிறேன்.

இன்னொரு காரணம், எங்கள் மண்ணின் நிலை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போயின. நெய்யாற்றின்கரையும் வர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப்புறம் ஒரு வரலாறு எழுதினார்கள், இந்தப்புறம் ஒரு வரலாறு எழுதினார்கள். தமிழில் கடுதாசி எழுதிய நெய்யாற்றின்கரைப் பையன் இரண்டிலும் வரவில்லை. இதற்காக யாரையும் நான் குறை சொல்லவில்லை. எல்லையில் குடியிருப்பவன் தன் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 1917 டிசம்பர் 6-ஆம் தேதி வெடிமருந்து ஏற்றிய மோன்-பிளாங்க் என்ற கப்பல் வெடித்துக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர் இறந்தார்கள். அந்த ஊரில் இன்றும் அதே நாளில், அதே நேரத்தில் மணியடித்துக் கூடுகிறார்கள். இறந்தவர்களின் பெயரைத் தேடித் தேடி நினைவுப் புத்தகத்தில் சேர்த்தார்கள். பம்பாய் வெடித்து மூன்று மாதத்தில், 1944 ஜூலை 17-ஆம் தேதி, அமெரிக்காவின் போர்ட் சிகாகோவில் வெடிமருந்து ஏற்றும்போது 320 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுமை தூக்கும் வேலைக்கே ஒதுக்கப்பட்ட கறுப்பின மாலுமிகள். நெடுங்காலம் கழித்து அங்கே தேசிய நினைவிடம் வந்தது, 320 பெயரும் அங்கே இருக்கின்றன. பெரிய செலவு ஒன்றுமில்லாத காரியம் இது. யாராவது ஒருவர் உட்கார்ந்து பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மும்பையில் விக்டோரியா டாக்கையும் பிரின்சஸ் டாக்கையும் மண் நிரப்பி மூடி, கன்டெய்னர் அடுக்கும் இடமாக மாற்றிவிட்டார்கள். போய் நின்று பார்க்கத் தண்ணீர்கூட அங்கே இல்லை. இனி அந்த மனிதர்களை வைத்துக்கொள்ள இடம் என்றால் அவரவர் ஊர்தான்.

எங்கள் ஊர் வாயனசாலையில் பேசி ஒரு பலகை வைத்திருக்கிறோம். உலகப் போர்களில் இந்த ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் தலைப்பு. இப்போதைக்கு அதில் இருக்கும் பெயர்கள் கொஞ்சம். பாட்டாவின் பெயரை எழுதியபோது பக்கத்து விளைக்காரர் தன் பெரியப்பா ஒருவரைச் சொன்னார், பர்மாவில் போனவர். இன்னொருவர் வீட்டில் வெண்கலப் பதக்கம் ஒன்று பிள்ளைகள் விளையாடக் கிடந்தது. விளிம்பில் வெட்டியிருந்த எண்ணை வைத்துத் தேடி அந்த ஆளையும் கண்டுபிடித்தோம். கோயில், அம்பலம், பள்ளிவாசல் என்று பார்க்காமல் எல்லோரும் வந்து சொன்னார்கள்.

காட்டாக்கடை, வெள்ளறடை, பாறசாலை, உதியங்குளங்கரை, பூவாறு பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பெயர் மறந்துபோன ஒரு கப்பல்காரர், ஒரு பட்டாளக்காரர் இருக்கலாம். டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய பென்ஷன் சீட்டோ, ஆங்கிலக் கடிதமோ, எண் போட்ட தகடோ கிடந்தால் எரிக்காதீர்கள், ஆக்கிரிக்காரனுக்குப் போடாதீர்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அவருடைய முழுப் பெயரையும் அப்பாவின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் தேட அந்த இரண்டும், தெரிந்தால் இறந்த தேதியும் போதும், பைசாச் செலவில்லை. ஆங்கில எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், பொறுமை வேண்டும். கிடைத்த பெயரை உங்கள் ஊர் வாயனசாலைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே பலகை இல்லாவிட்டால் எங்கள் பலகையில் இடம் இருக்கிறது.